வெறும் எலி

மரச்சட்டம் போட்டுக் கம்பிவலை அடித்த ஒரு பெட்டி. அதன்மேல் நனைத்துப் பிழிந்த பழைய புடவைத் துண்டு. உள்ளே வெள்ளெலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பின்வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நிற்கும். மேடம் முதலில் ஏறி உட்காருவார். நான் பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். கோபால்ட் கதிர் இயந்திரம் வைத்திருந்த மருத்துவமனை ஒன்று, நோயாளிகளுக்கு மதிய இடைவேளை விடும் நேரத்தில் எங்கள் எலிகளுக்கு அதைத் தந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில் லஸ் முனையைத் தாண்டுவதற்குள் துண்டு காய்ந்துவிடும். மேடம் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து, புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல், துண்டின் மேல் தெளித்துக்கொண்டே வருவார்.

ரிக்‌ஷாக்காரர் எப்போதும் ஒரே ஆள். முதல்நாள் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னாம்மா இது! அவனவன் வூட்ல பொறி வச்சு எலியைச் சாவடிக்கிறான், நீ ரிக்‌ஷா வச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறியே!"

"இதுங்களுக்கும் உடம்பு இருக்குல்லப்பா" என்றார் மேடம்.

"நல்லாக் கீது போ. எங்க வூட்டாண்டயும் ஒரு கும்பல் கீது. சொல்லு, அதுங்களையும் இட்டாறேன்."

மேடம் சிரித்தார். பிறர் வேடிக்கையாகப் பேசினால் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பது அவர் வழக்கம். அந்தச் சிரிப்பைப் பிற்காலத்தில் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் உயிர்வேதியியல் துறையில் ஆய்வக உதவியாளர். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மந்தைவெளியில் வீடு, கணவர், பள்ளிக்குப் போகும் பெண். மேடம் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். துறையில் ஆராய்ச்சி செய்த ஒரே பெண். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அப்பா காலமான பிறகு, தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்த அண்ணன்தான் அவரை இங்கே அழைத்துவந்து படிக்கவைத்தார். கல்யாணப் பேச்சு எடுத்த உறவினர்களிடமெல்லாம், "அவ படிச்சு முடிக்கட்டும், பெறவு பாக்கலாம்" என்று ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, பேச்சே ஓய்ந்துபோகும்வரை தாக்குப்பிடித்தவர் அந்த அண்ணன். கடைக்கு மேல்மாடியில் குடும்பம். மேடமும் அங்கேதான் இருந்தார். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. எனவே அந்த வீட்டில் அண்ணன், அவர் மனைவியான மதினி, மேடம் என்று மூன்றே பேர்.

மேடத்தின் ஆராய்ச்சியை எளிதாகவே சொல்லிவிடலாம். புற்றுநோய்க் கட்டியைக் கதிர் வைத்துக் கரைக்கும்போது, பக்கத்தில் கல்லீரல் இருந்தால் அதற்கும் அடி விழும். அடிபட்ட கல்லீரலில் என்ன நடக்கிறது என்பதை அவர் எனக்கு முறுக்கு டப்பாவை வைத்து விளக்கினார். பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் ஒரு காறல் வாடை வருமே, எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போன வாடை. ஏறக்குறைய அதேதான் கதிர் பட்ட ஈரலின் கொழுப்புக்கும் நடக்கிறது. உயிரோடு இருக்கும்போதே உள்ளே காறிப்போகிறது. அந்தக் காறலைத் தடுக்கும் பொருள்கள் சில உண்டு. வைட்டமின் ஈ அவற்றில் ஒன்று. கதிர் வைப்பதற்கு முன்னால் சில நாள் அதைக் கொடுத்தால் ஈரல் தப்புமா என்பதே கேள்வி.

பதிலை நிறம் சொல்லும். ஈரலைக் குளிர்ச்சியில் வைத்து அரைத்து, அமிலம் சேர்த்து வடித்து, ஒரு மருந்தை ஊற்றிக் கொதிநீரில் வைத்தால் சோதனைக்குழாயில் ரோஜா நிறம் ஏறும். காறல் அதிகமானால் நிறம் அழுத்தமாக வரும். ஈரல் தப்பியிருந்தால் வெளிறி வரும். கருவியில் வைத்து அளவெடுப்பது என் பொறுப்பு. ஆனால் கருவிக்குப் போகுமுன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். வெளிறிய குழாய்கள் வரிசையாக நின்ற முதல்நாளில் மேடம் போய்க் கைகழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தார். மறுபடி போய்க் கைகழுவினார். பிறகு, "இன்னொரு தடவை முதல்ல இருந்து பண்ணிடலாம்" என்றார். ஒரு நல்ல முடிவைக்கூட அவர் சந்தேகத்தோடுதான் வரவேற்பார். மறுபடியும் செய்தோம். மறுபடியும் வெளிறியே வந்தது.

இன்று தேயிலைப் பொட்டலத்திலும் பிஸ்கட் உறையிலும் ஆன்டிஆக்சிடன்ட் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். முகத்தில் பூசும் களிம்பிலும் அது இருக்கிறதாம். மளிகைக் கடையில் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு அலமாரிக்கு நகர்ந்துவிடுவேன். அந்த நாளில் அந்த ஆங்கிலச் சொல் எங்கள் மூவருக்குள்தான் புழங்கியது. மேடம், நான், எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ராயப்பேட்டைக்காரர். மூன்றாமவர் நாக்கில் அது ஒருநாளும் நுழையவில்லை. அவர் தனக்கென்று ஒரு சொல் வைத்துக்கொண்டார்.

வைட்டமின் கொடுத்த எலிகளையும் கொடுக்காதவற்றையும் பிரித்து அறிய, கொடுத்தவற்றின் முதுகில் மஞ்சள் சாயம் தடவுவோம். முதல்முறை அதைப் பார்த்த எலிக்கூடத்துக்காரர், "இன்னாம்மா, அம்மன் கோயில் திருவிழாவுக்கு மாதிரி காப்பு கட்டிட்டியா?" என்றார். அன்றிலிருந்து மஞ்சள் தடவியவை காப்பு எலிகள். மற்றவை வெறும் எலிகள். மேடத்துக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. "காப்பு எவ்வளவு, வெறும் எவ்வளவு?" என்று என்னிடமே கேட்கத் தொடங்கினார். அறிவியல் சொல்லைவிட அது சரியாகவும் இருந்தது. கட்டினால் தப்பும், கட்டாவிட்டால் போகும்.

அதற்கடுத்த கோடையில் அண்ணனுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. நிணநீர் முடிச்சுகளில் வந்த கட்டி. கல்லீரலை ஒட்டி இருந்தது. கத்தி வைக்க முடியாது, கதிர் வைத்தால் கரையும் என்றார்கள். எங்கள் எலிகள் போய்வந்த அதே மருத்துவமனை, அதே இயந்திரம். துணிக்கடையில் காலை முதல் இரவுவரை நின்றே வியாபாரம் பார்த்த மனிதர், தினமும் போய் அந்தக் கட்டிலில் படுத்துவிட்டு வந்தார்.

ஒருநாள் அவருடைய முறை தள்ளிப்போய்க் கிட்டத்தட்ட மதியமாகிவிட்டது. நாங்கள் பெட்டியோடு போனபோது அவரும் மதினியும் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று எலிக்கூடத்துக்காரரும் எங்களோடு வந்திருந்தார். பெட்டியைத் தரையில் வைத்ததும் அண்ணன் குனிந்து பார்த்தார். "இதென்ன, சிலதுக்கு மட்டும் மஞ்சப் பூசியிருக்கு?"

மேடம் பதில் சொல்லுமுன் எலிக்கூடத்துக்காரர் உற்சாகமாகத் தொடங்கிவிட்டார். அண்ணன் யாரென்று அவருக்குத் தெரியாது. "அது காப்பு கட்னது நைனா. அம்மா மருந்து குடுக்குது. ஈரலுக்கு ஒண்ணும் ஆவாது, சோக்கா இருக்கும். மஞ்ச இல்லாததெல்லாம் வெறும் எலி. அதுங்க ஈரலு காலி."

அண்ணன் தன் மணிக்கட்டைப் பார்த்தார். மதினி கோயிலில் கட்டிவிட்ட மஞ்சள் கயிறு அதில் இருந்தது. பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். கடையில் பேரம் பேசுகிற வாடிக்கையாளரிடம் சிரிக்கிற சிரிப்பு. "ஏட்டி, உன் மதினி அவளால முடிஞ்ச காப்பைக் கட்டிட்டா. நீ எலிக்கெல்லாம் கட்டுதெ. அப்போ நான்தான் வெறும் எலியா?"

மதினி, "என்ன பேச்சு இது, ஆஸ்பத்திரில வச்சு" என்று அதட்டினார். எலிக்கூடத்துக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு தள்ளிப் போனார். மேடம் பெட்டியின் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். சரியாகவே இருந்த துண்டை வெகுநேரம் சரிசெய்தார்.

அன்று மாலை கதிர் மருத்துவரைப் பார்க்கப் போனோம். எங்களுக்கு இயந்திரம் தந்து உதவியவர் அவர்தான். மேடத்திடம் மிகுந்த மரியாதை உள்ளவர். மேடம் தன் முடிவுகளை எல்லாம் சொல்லி, அண்ணனுக்கு வைட்டமினைக் கொடுக்கலாமா என்று கேட்டார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மேடம், உங்க எலிங்கள்ல எதுக்காவது கட்டி இருந்ததா?"

"இல்லை. எல்லாம் நோயில்லாத எலிங்கதான்."

"அப்போ இது ஈரலைக் காப்பாத்தும்னு மட்டும்தான் நமக்குத் தெரியும். கட்டியையும் சேர்த்துக் காப்பாத்திடுச்சுன்னா? எதை விடணும், எதைக் காக்கணும்னு அந்த வைட்டமினுக்கு யார் போய்ச் சொல்றது?"

அந்தக் கேள்வியில் எந்தத் தவறும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் போய்க் கேட்டிருந்தால் மேடமே என்னிடம் அதைத்தான் கேட்டிருப்பார். வெளியே வந்ததும், "அவர் சொல்றது சரி. நான் செய்யாத சோதனையை அண்ணன் உடம்புல செய்யக் கூடாது" என்றார். குரலில் தடுமாற்றம் இல்லை. ஆனால் வழக்கமான ரிக்‌ஷாக்காரர் எதிரே நின்று கூப்பிட்டும் கவனிக்காமல் அவரைக் கடந்து நடந்தார்.

வீட்டில் அண்ணன் இன்னொரு முறை கேட்டாராம். விளையாட்டாக இல்லை. கதிர் பட்ட பிறகு வரும் குமட்டலில் சோறு இறங்காமல் படுத்திருந்தபோது, "அந்த எலி மருந்து ஒண்ணு ரெண்டு குடுத்துப் பாக்கியா?" என்றிருக்கிறார். மேடம் கட்டியைப் பற்றி விளக்கியிருக்கிறார். "சரிட்டி, உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். மதினி சமையலறை வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டி கரைந்தது. இதைத் தெளிவாக எழுத வேண்டும். கட்டி முழுதாகவே கரைந்தது. மருத்துவர் கைகுலுக்கினார், மதினி திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டதைச் செய்துமுடித்தார், அண்ணன் கடைக்கு வரத் தொடங்கினார். சில வாரங்களில் அவர் உடம்பு தேற ஆரம்பித்ததாக வீடே மகிழ்ந்தது. சட்டை வயிற்றில் பிடித்தது. கடைத் தையல்காரர் பக்கவாட்டில் பிரித்துவிட்டார். நானும் என் மகளும் ஒரு மாலை அங்கே போயிருந்தபோது மதினி எங்கள் முன்னால் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீயளா, கல்யாணத்துக்கு முந்தி இருந்த மாதிரி சதை போட்டிருக்காவ. வேட்டி சுத்தப் பத்தலைங்காவ!"

"துணிக்கடைக்காரனுக்கே துணி பத்தலைன்னா பாத்துக்கிடுங்க" என்றார் அண்ணன். என் மகள் சிரித்தாள்.

மேடம் அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்று அண்ணனைப் பார்த்தார். முகம் ஒட்டியிருந்தது, கைகள் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் பெருத்திருந்தது. மேடம் நெருங்கி வந்து, "சட்டையைத் தூக்குங்கண்ணே" என்றார். அண்ணன் கூச்சப்பட்டுக்கொண்டே தூக்கினார். மேடம் வயிற்றில் ஒரு கையை வைத்து மறுகை விரலால் தட்டினார். அது சதை இல்லை, நீர். அவர் மதினியின் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தார். எனக்கும் விளங்கிவிட்டது. நாங்கள் இருவரும் அதை எத்தனையோ முறை பார்த்திருந்தோம். கதிர் வைத்துப் பல வாரம் விட்டுவைத்த வெறும் எலிகளுக்கு அப்படித்தான் வயிறு வீங்கும்.

"உடம்பு நல்லாத் தேறியிருக்கு, இல்லியா?" என்று மதினி கேட்டார். மேடம், "நாளைக்கு ஒருதரம் டாக்டர்ட்ட காட்டிருவோம் மதினி" என்றார்.

ஐப்பசி மழையில் அண்ணன் இறந்தார். கடைசி நாட்களில் அவர் கண் மஞ்சளாகியிருந்தது. கட்டி திரும்ப வரவே இல்லை. நோய் போய்விட்டது, வைத்தியத்தின் காயத்தில் ஆள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மேடம் கல்லூரிக்கு வந்துவிட்டார். வந்தவுடன் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு எழுதி, கட்டி உள்ள எலிகளை வரவழைத்தார். மருத்துவர் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் தேட வேண்டும். வைட்டமின் கட்டியையும் சேர்த்துக் காப்பாற்றுகிறதா, இல்லையா? எனக்கு அது பயமாக இருந்தது. "இப்போ எதுக்கு மேடம்? கொஞ்ச நாள் போகட்டுமே" என்றேன். "தெரியாம எப்படி இருக்கறது?" என்றார்.

அந்த மாதங்களில் ஆய்வகத்தில் பழைய வேடிக்கைப் பேச்சு போய்விட்டது. எலிக்கூடத்துக்காரர்கூடக் காப்பு, வெறும் என்ற சொற்களை விட்டுவிட்டு, "மஞ்ச வச்சது, வைக்காதது" என்று சொல்லப் பழகியிருந்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, தானாகவே புரிந்துகொண்டார்.

ஈரல்களை எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. கட்டிகளை மேடமே நிறுத்துப் பார்த்தார். வைட்டமின் கொடுத்தவற்றிலும் கொடுக்காதவற்றிலும் கட்டி ஒரே மாதிரிதான் கரைந்திருந்தது. வைட்டமின் கட்டியைக் காக்கவில்லை. இனி ஈரல் பாக்கி. நான் குழாய்களைக் கொதிநீரிலிருந்து எடுத்து நிறுத்தினேன். இத்தனை வருட வேலையில் வெளிறிய நிறத்துக்காக எத்தனையோ முறை காத்திருக்கிறேன். அன்று மட்டும், எல்லாக் குழாயும் அழுத்தமான ரோஜா நிறத்தில் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். மருந்து பொய்த்துப்போகட்டும், இந்த மனுஷி பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

வெளிறியே வந்தது. முன்பைவிடச் சுத்தமாக, அழகாக வந்தது.

மேடம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு குழாயாகத் தூக்கிப் பார்த்தார். கைகழுவப் போகவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து செய்யலாம் என்றும் சொல்லவில்லை. "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். கல்லூரி விட்டு எல்லோரும் போகும் சத்தம் அடங்கியும் எழுந்திருக்கவில்லை.

கதிர் மருத்துவர் செய்தி கேட்டு நேரிலேயே வந்தார். எலியை வைத்து மனிதரைச் சொல்ல முடியாது, அண்ணனுக்குக் கொடுத்திருந்தாலும் பலித்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேடம் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அவர் சொன்னதெல்லாம் உண்மை. அந்த உண்மை எதையும் தூக்கி நிறுத்தவில்லை.

அண்ணனின் முதல் வருடத் திதிக்கு மதினி என்னையும் அழைத்திருந்தார். பந்தி முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு எங்கள் இருவருக்கும் கடைசியாக இலை போட்டார். மேடம் ஒரு வாய் எடுத்து வைத்திருப்பார். மதினி ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டார். "பெறவும் எலியெல்லாம் வச்சுப் பாத்தியாமே. அந்த மருந்து கேட்டுச்சா?"

பத்து வருடம் மேடத்தோடு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு அளவைத் துளிகூடக் கூட்டிக்குறைத்து எழுத விடாதவர். சந்தேகமான குழாயைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார், சொல்லாமல் தள்ளவும் மாட்டார். அவர் நிமிர்ந்து மதினியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கேக்கலை மதினி."

மதினி நீளமாக மூச்சுவிட்டார். தோள் இறங்கியது. "அதானே. குடுத்திருந்தாலும் நிக்காதுன்னு மனசுல பட்டுது. அவுக கேட்டதும் நீ முடியாதுன்னதும் எனக்குள்ளயே கெடந்து அரிச்சுக்கிட்டு இருந்துது. உங்கிட்டக் கேட்டா நீ வருத்தப்படுவேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் நெஞ்சு எறங்குது." பிறகு ரசத்தை ஊற்றி, "சாப்பிடு, எலும்பா இருக்கெ" என்றார். மேடம் இலையில் வைத்த அத்தனையையும் சாப்பிட்டார்.

பேருந்து நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தார். பனகல் பூங்கா ஓரத்தில் பூக்காரிகளின் கூச்சலுக்கிடையே சொன்னார். "கட்டுரையை இங்கிலீஷ்ல அனுப்பிடலாம். ஒரு எண்ணையும் மாத்த வேண்டாம். தமிழ்ப் பத்திரிகை ஒண்ணு எழுதித்தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க. அதுக்கு மாட்டேன்னு சொல்லிட்டேன். நீங்களும் தமிழ்ல எங்கேயும் எழுதிடாதீங்க. மதினி தமிழ்ல வர்ற ஒரு பத்திரிகையையும் விடமாட்டா. பொட்டலம் கட்டின தாளைக்கூடப் பிரிச்சுப் படிப்பா."

எழுதமாட்டேன் என்றேன். கட்டுரை வெளிவந்த பிறகு மேடம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு வகுப்பு எடுப்பதோடு நின்றுகொண்டார். ஓய்வு பெறுவதற்கு முன்பே காலமானார். அதற்குப் பிறகும் மதினி பல வருடம் அந்த மாடியில் தனியாக இருந்தார். நான் போகும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியோடு ஏதாவது வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் மதினியும் போய்விட்டார். இனி இதைப் படிக்கக் கூடாதவர் யாரும் இல்லை.